ஏழாவது சோதனை: சப்பாத்துகளைக் கழற்றவும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல்கனியில் மிளகாய்ச் சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பேசியவர் தன் பெயர் தெஸ்பாய் என்றார். எரித்திரியாக்காரர், குரலை வைத்துப் பார்த்தால் நாற்பது வயதிருக்கும். நான் ஓய்வுபெற்று வந்த பணிமனையில் இப்போது தற்காலிகமாக வேலை செய்கிறாராம். என் இலக்கத்தைப் பழைய கோப்பு ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறார்.

மலைப்பாதை வேலைக்குப் பணிமனை புதிதாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்குகிறது. அதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. அதற்கென்று எட்டுச் சோதனைகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. ஆறு வரைக்கும் அவருக்கு விளங்கிவிட்டது, ஏழாவதில் நின்றுவிட்டார். அதை டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், வாசித்துக் காட்டினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘கருவியை அட்லிஸ்வில்லுக்குக் கொண்டுசெல்லவும். படத்தில் காட்டிய கட்டடத்தை வலஞ்சுழியாக மூன்று முறை சுற்றவும். சப்பாத்துகளைக் கழற்றவும். நடந்து சுற்றினால் போதுமானது. மூல முறைக்கு இணைப்பு மூன்றைப் பார்க்கவும்.’

“இணைப்பு மூன்று கோப்பில் இல்லை, ஹெர் செல்வரட்ணம். சப்பாத்துப் போட்டிருந்தால் சிக்னல் குறையுமா?” என்று கேட்டார். பகிடிக்குக் கேட்கிற குரலாகத் தெரியவில்லை.

பணிமனையில் ஒருவருக்கும் காரணம் தெரியவில்லையாம். பழைய விதி, ஏதாவது காரணம் இருக்கும், செய்துவிட்டு வா என்றார்களாம். சுவிஸ்காரர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது. காகிதத்தில் இருந்தால் செய்துவிடுவார்கள். அந்த வரி காகிதத்தில் ஏறியது என்னால்தான். தெஸ்பாய்க்கு அதைச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் எடுத்தது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். ஓல்டன் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் ஆறு வருடம் கோப்பை கழுவினேன். பிறகு முதியோர் இல்லம் ஒன்றில் நிலம் துடைத்தேன். இரண்டுமாகச் சேர்ந்து என் முதுகை முடித்துவிட்டன. வெளிவேலை செய்தால் முதுகு நேராகும் என்று யாரோ சொல்ல, ஓல்டனுக்கு மேலே மலையோரமாக இருக்கும் ஒரு கிராமத்தின் பணிமனையில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தேன். முதலில் இலை கூட்டினேன். மலைப்பாதைக் குழுவில் ஒருவர் கால் முறிந்து படுக்க, அவர் இடத்துக்கு என்னை ஏற்றிவிட்டார்கள். இந்த நாட்டில் காட்டுக்குள் எங்கே போனாலும் மஞ்சள் பலகை நிற்கும், எந்த ஊருக்கு எத்தனை மணி நேர நடை என்று சொல்லும். அந்தப் பலகைகளை நட்டு, மரப்படி கட்டி, விழுந்த மரத்தை வெட்டிப் பாதை திறக்கிற வேலை. இலங்கையில் நான் மரம் ஏறியதும் இல்லை, வெட்டியதும் இல்லை. இரண்டு வருடத்தில் பழகிக்கொண்டேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. என்னிடம் அப்போது எஃப் பெர்மிட். அதை வைத்திருப்பவர் நாட்டுக்குள் இருக்கலாம், எல்லையைத் தாண்ட முடியாது. என் மனைவி ஜெயந்தியின் அக்கா பாரிஸில் இருந்தார். ஓல்டனிலிருந்து பாசல் எல்லை அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைப் பதினொரு வருடமாக எங்களால் தாண்ட முடியவில்லை. நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் கிடைத்தால், எல்லை தாண்ட விடுகிற பி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பணிமனையில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. அதைக் கொடுப்பதும் விடுவதும் ஹெர் கூப்ளர் என்ற ஒரே மனிதரின் கையில் இருந்தது.

ஹெர் கூப்ளர் எங்கள் மேலாளர். இளமையில் இராணுவத்தில் நில அளவை செய்தவர். பணிமனையில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் என்னை ‘ஹெர் செல்வரட்ணம்’, திருவாளர் செல்வரட்ணம், என்று ஓர் எழுத்தும் விழுங்காமல் முழுதாக அழைப்பார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில் இருக்கும். ஒன்று எழுத, மற்றது முதலாவது முறிந்தால் எழுத. காலை ஒன்பது மணி இடைவேளைக்கு ஓர் அப்பிளை எட்டாக வெட்டுவார். எட்டும் ஒரே அளவாக இருக்கும். அவர் கோபித்து நான் கண்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: “அளந்தீர்களா?” சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்று என் கூட்டாளி ரோலண்ட் ஒருநாள் சொன்னதற்கும் அதைத்தான் கேட்டார்.

ரோலண்டால்தான் இந்தக் கதை தொடங்கியது. ஒரு புயலுக்கு மறுநாள், பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது என்று யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். எங்கே என்று கேட்டால், ‘உட்காருகிற வாங்கு ஒன்று வரும், அதற்குப் பிறகு பெரிய பீச் மரம், அங்கே’ என்றார்கள். பீச் என்பது இந்த நாட்டுக் காட்டு மரம், எங்கள் காட்டில் முக்கால்வாசி அதுதான். ரோலண்ட் தன் காரிலிருந்த வழிகாட்டியைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தான். இது செயற்கைக்கோளோடு கதைக்கும், நீ பேசாமல் வா என்றான். காட்டுக்குள் கால் வைத்ததும் அதற்குள்ளிருந்த பெண், ‘முடிந்தால் திரும்பிச் செல்லவும்’ என்றாள். நிமிடத்துக்கு ஒருமுறை அதையே சொன்னாள். இரண்டு மணி நேரம் அவள் சொல்லச் சொல்ல நாங்கள் ஏறினோம். கடைசியில் விழுந்த மரம் ஒன்று அகப்பட்டது, வெட்டி ஒதுக்கினோம். பணிமனைக்குத் திரும்பினால் அதே ஆள் மறுபடி தொலைபேசியில் நிற்கிறார், மரம் இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று. நாங்கள் வெட்டியது யாருமே முறையிடாத வேறொரு மரம்.

ஹெர் கூப்ளர் நாங்கள் சொன்னதை முழுதாகக் கேட்டார். ஒரு பென்சிலை எடுத்து எதையோ எழுதினார். அடுத்த வாரம் மேசையில் மூன்று கருவிகள் இருந்தன. கடைகளிடம் சோதனைக்கு வாங்கியிருந்தார். மூன்றிலும் பெயரை மறைத்து ஏ, பி, சி என்று ஒட்டியிருந்தார். பெயரைப் பார்த்தால் மனம் சாயுமாம்.

ஏ அழகி. பெரிய வண்ணத்திரை, விரலால் அல்லது ஒரு சின்னக் குச்சியால் தொட்டு இயக்க வேண்டும். பி அவலட்சணம். சாம்பல் நிறம், பருமன், சின்னத் திரை, ஆறு தடித்த பொத்தான், உள்ளே கடையில் வாங்குகிற சாதாரண பற்றரி இரண்டு. சி மெல்லியது, விலை கூடியது. போக வேண்டிய திசையை ஓர் அம்புக்குறியால் காட்டும். இப்படியான செலவுகளை முடிவுசெய்கிற கிராமத்து வேலைக் கொமிசனின், அதாவது குழுவின், தலைவர் ஒரு பல் வைத்தியர். அவர் சைக்கிளில் சி-யைப் பூட்டிக்கொண்டு அகலப் பாதைகளில் ஓடுகிறவர். சி-யைத்தான் வாங்க வேண்டும் என்பது சோதனைக்கு முன்பே அவருடைய முடிவு.

சோதனைக்கு என்னைத் தெரிவு செய்தார் ஹெர் கூப்ளர். கருவிக்கு ஒரு வாரமாக மூன்று வாரம். விதிகளைத் தட்டச்சு செய்து தந்தார். மூன்றாவது விதி: ஏழு நாளும் நடமாடும் நேரமெல்லாம் கருவி இயங்கு நிலையில் சோதிப்பவரின் உடம்போடு இருக்க வேண்டும். நான்காவது விதி: அனுமதியின்றிக் கருவியை வெளியூர் கொண்டுசெல்லக் கூடாது, காப்புறுதி இல்லை. ஓல்டனில் இருக்கும் என் வீடு வரைக்கும் அனுமதி தந்திருந்தார். மூன்றையும் நான்கையும் நான் ஒன்றாகச் சேர்த்து வாசித்திருந்தால் இன்றைக்குத் தெஸ்பாய் எனக்குத் தொலைபேசி எடுத்திருக்க மாட்டார்.

முதல் வாரம் ஏ. பலகை நடும்போது தோல் கையுறை போட்டிருப்போம். கையுறையோடு தொட்டால் அழகி திரும்பியும் பார்க்கவில்லை. கழற்றிவிட்டுத் தொட்டால், மழைத்துளி ஒன்று எனக்கு முன்பே தொட்டு வேறு படத்தைத் திறந்துவிடும். இரண்டாம் நாள் குச்சி இலைச்சருகுக்குள் விழுந்தது. நானும் ரோலண்டும் நாலு காலில் தவழ்ந்து அரை மணி நேரம் தேடினோம். மிச்ச நாளைப் பல்லுக் குத்துகிற குச்சியால் ஓட்டினேன். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ‘குச்சியின் நீளம்?’ என்று பக்கத்தில் பென்சிலால் கேட்டிருந்தார் ஹெர் கூப்ளர்.

இரண்டாம் வாரம் பி. அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் இடத்தைச் சரியாகச் சொன்னது. கையுறையோடு அமுக்கினாலும் கேட்டது. பற்றரி முடிந்தால் எந்தக் கடையிலும் வாங்கலாம். ஒரு பலகையின் இடத்தைக் குறித்துவிட்டு மறுநாள் வேறு வழியால் வந்தால், அதே பலகையின் காலடியில் கொண்டுவந்து நிறுத்தியது. எனக்கு அதன்மீது அன்பே வந்துவிட்டது.

அந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை அட்லிஸ்வில் முருகன் கோயில் தேர். எனக்கு நிரந்தர வேலை கிடைக்க வேண்டும் என்று ஜெயந்தி நேர்த்தி வைத்திருந்தாள். என்ன நேர்த்தி என்று தேருக்கு முதல் நாள்தான் சொன்னாள்.

“பிரதட்டை. மூண்டு சுற்று.”

“ஆர் உருளுறது?”

“நானோ உருளுறது? வேலை உங்களுக்குத்தானே.”

“எல்லாரும் ஒரு சுற்றுத்தானே உருளுறவை.”

“எல்லாருக்கும் பதினொரு வருஷம் எஃப் பெர்மிட்டோ?”

மறுநாள் காலையில் கோயிலுக்கு வெளிக்கிடும்போது கருவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். மூன்றாவது விதி நினைவிலிருந்தது, நான்காவது இல்லை. ஜெயந்தியிடம் கேட்டேன்.

“கொண்டு வாங்கோ. எந்த வேலைக்குக் கேக்கிறமெண்டு முருகனுக்கும் தெரியத்தானே வேணும்,” என்றாள்.

கோயிலில் வேட்டியை இறுக்கிக் கட்டி, கருவியை ஒரு துண்டில் சுற்றி என் இடுப்பில் வலப்பக்கமாக அவளே செருகினாள். நிலத்தில் கிடந்து, கைகளைத் தலைக்கு மேலே கூப்பி, கோயில் கட்டடத்தைச் சுற்றி உருண்டேன். முன்பக்கம் தார், பின்பக்கம் சரளைக்கல். எண்பத்திரண்டு கிலோ உடம்பு ஒருதரம் கருவிக்கு மேலே ஏறும், அடுத்த புரளலில் கருவி வானத்தைப் பார்க்கும். மூன்று சுற்றுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. முதுகு முழுக்கச் சிராய்ப்பு. கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை, திருநீறு மட்டும் பொத்தான்களுக்கு இடையில் போயிருந்தது. அதைப் பல்தூரிகையால் துடைத்தேன். கருவி போன வழியையெல்லாம் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் சி. புதன்கிழமை மழை பெய்து மேகம் மலைக்குள் இறங்கியிருந்தது. மேலே செங்குத்துப் பாறை விளிம்பை ஒட்டிய பாதையில் ஒரு பலகையைச் சரிபார்க்கத் தனியாகப் போனேன். ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சி-யின் அம்புக்குறி இடப்பக்கம் என்றது. கொஞ்சமும் தயங்காமல் ஆடாமல் காட்டியது. நானும் போனேன். ஊன்றிய தடி ஓரிடத்தில் நிலத்தைத் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினேன், அப்போதும் தொடவில்லை. அப்படியே நிலத்தில் குந்தினேன். கீழே எங்கேயோ மாட்டு மணி கேட்டது. பாதை எனக்கு வலப்பக்கம் நாற்பது மீற்றர் தள்ளி இருந்திருக்கிறது. குந்தியபடியே பின்பக்கமாக ஊர்ந்து திரும்பினேன். அதையும் எழுதிக் கொடுத்தேன். ‘நாற்பது மீற்றர்: அளந்தீர்களா?’ என்று கேட்டிருந்தார். அளக்கவில்லை. அதனால் அது கணக்கில் ஏறவில்லை.

அடுத்த வாரம் கொமிசன் கூடியது. பல் வைத்தியரான தலைவர், மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஃப்ராவ் நெஃப் என்ற பெண்மணி, இன்னொருவர். அந்த இன்னொருவர் கதைத்து நான் கேட்டதே இல்லை. கேள்வி வந்தால் பதில் சொல்ல என்னையும் கூப்பிட்டு ஒரு மூலையில் இருத்தியிருந்தார்கள். ஹெர் கூப்ளர் ஏ-யை இரண்டு நிமிடத்தில் முடித்தார். பிறகு பி எழுதி வைத்திருந்த வழித்தடத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்.

“பி பற்றி எனக்கு ஒரு கவலை இருக்கிறது,” என்றார். “ஆறு நாள் மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஓல்டன் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அது ஹெர் செல்வரட்ணத்தின் வீட்டுப் பக்கம், சரி. பிறகு ஒன்றுமில்லை. ஒன்பது மணிக்குப் பிறகு திடீரென்று அட்லிஸ்வில்லில் தோன்றுகிறது.”

ரயில் பெட்டிக்குள் சிக்னல் எடுக்கவில்லை. அதனால் கருவி பறந்து போனது போலக் இடையில் கோடு ஏதும் இல்லாமல் அங்கே புள்ளிகளின் ஒரு குவியல்.

“அங்கே ஒரு கட்டடத்தைச் சுற்றி மூன்று வட்டம் போடுகிறது,” என்று தொடர்ந்தார். “வேகம் மணிக்கு அரைக் கிலோமீற்றரும் இல்லை. நிற்கிற மனிதனுக்கு வேகம் பூச்சியம். நடக்கிற மனிதனுக்கு நாலு. இந்த வேகத்தில் எந்த மனிதனும் நகர்வதில்லை. எந்த விலங்கும் எனக்குத் தெரிந்து இல்லை.”

“நத்தை,” என்றார் ஃப்ராவ் நெஃப்.

“நத்தை இதைவிட மெதுவானது. அதைப் பார்த்துவிட்டேன்,” என்றார் ஹெர் கூப்ளர்.

தலைவருக்கு நல்ல சந்தோஷம். “ஞாயிற்றுக்கிழமை கருவிக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. அப்படியானால் சி. வாக்கெடுப்போமா?”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். நான்காவது விதி அப்போதுதான் எனக்கு முழுதாக நினைவு வந்தது. வெளியூர் கொண்டுபோனது, காப்புறுதி இல்லாதது, அதுவும் உருண்டது. அதைச் சொன்னால் நிரந்தர வேலை போய்விடும், பாரிஸும் போய்விடும். சொல்லாவிட்டால் சி வரும். மேகம் இறங்குகிற நாளில் அதைத் தூக்கிக்கொண்டு பாறை விளிம்புக்குப் போகப்போகிறவன் ரோலண்ட். காட்டுக்குள் கார் வழிகாட்டியை நம்பியவன் அம்புக்குறியை நம்பமாட்டானா? தடியைக்கூட ஊன்ற மாட்டான். எனக்குச் சரியான பயம். இருந்தாலும் எழும்பிவிட்டேன்.

“ஒரு மனிதன் அந்த வேகத்தில் நகர்ந்தான்,” என்றேன். “நான்தான்.”

ஹெர் கூப்ளர் கண்ணாடியைக் கழற்றினார். “எப்படி?”

“உருண்டேன்.”

“எங்கிருந்து விழுந்தீர்கள்?”

“விழவில்லை. படுத்து, உருண்டேன்.”

“மூன்று முறையும்?”

“ஓம்,” என்று தமிழிலேயே வந்துவிட்டது. தலையையும் ஆட்டினேன்.

“சட்டையோடா?” என்று கேட்டார் ஃப்ராவ் நெஃப்.

“இல்லை.”

“தாரிலா?”

“பாதி தார், பாதி சரளைக்கல்.”

அவர் தன் தோளைத் தடவிக்கொண்டார். தலைவர் முன்னால் குனிந்தார். “ஆனால் ஏன், ஹெர் செல்வரட்ணம்?”

இதற்கு டொச்சில் என்னிடம் சொற்கள் இருந்தன. அதுதான் பிரச்சினை. “நீங்கள் எனக்கு நிரந்தர வேலை தர வேண்டும் என்று,” என்றேன். “கடவுளிடம் கேட்டோம். கேட்டால் உருள வேண்டும்.”

கதைக்காத மூன்றாமவர் முதல் தடவையாக இருமினார். சுவரில் என் மூன்று வட்டமும் வெளிச்சத்தில் நின்றன. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நான்காவது விதியை மீறியது பிழை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். பாறை விளிம்பைப் பற்றியும் சொன்னேன். அளக்கவில்லை, ஆனால் தடி நிலத்தைத் தொடவில்லை என்றேன்.

ஹெர் கூப்ளர் எழும்பிச் சுவருக்குக் கிட்டப் போனார். வெகுநேரம் பார்த்தார். “எந்தத் திசையில்?” என்று கேட்டார்.

“வலஞ்சுழி.”

தன் தாளில் ஓர் அம்புக்குறி போட்டார். “கருவி எங்கே இருந்தது?”

“இடுப்பில். பாதி நேரம் எனக்குக் கீழே.”

“உங்கள் நிறை?”

“எண்பத்திரண்டு.”

எழுதினார். பிறகு கொமிசன் பக்கம் திரும்பினார். “மூன்று வட்டமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. எண்பத்திரண்டு கிலோவுக்குக் கீழே கிடந்தும் இடத்தை விடவில்லை. எங்கள் ஆள் ஒருவர் சரிவில் விழுந்து கருவிக்கு மேலே மயங்கிக் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும்.” பென்சிலைப் பையில் வைத்தார். “ஆனால் ஒரு தடவை செய்தது சோதனை ஆகாது. மற்ற இரண்டு கருவிகளோடும் திரும்பச் செய்து அளக்க வேண்டும். ஹெர் செல்வரட்ணம், இன்னொரு முறை உருள்வீர்களா?”

அந்த வாரச் சனிக்கிழமை ஹெர் கூப்ளர் அட்லிஸ்வில்லுக்கு வந்தார். கையில் நிறுத்தற்கடிகாரம், எழுதுபலகை, இரண்டு பென்சில். ஜெயந்தி வாசலில் மறித்தாள்.

“சப்பாத்தைக் கழட்டச் சொல்லுங்கோ.”

சொன்னேன். அவர் மறுபேச்சின்றிக் கழற்றி, இரண்டையும் இணையாக வைத்தார். “போன முறையும் சப்பாத்து இல்லாமலா?” என்று கேட்டார். ஓம் என்றேன். ‘சப்பாத்துகளைக் கழற்றவும்’ என்று எழுதிக்கொண்டார். நிபந்தனைகள் எல்லாம் முன்போலவே இருக்க வேண்டுமாம்.

ஏ, பி, சி மூன்றையும் இடுப்பில் வரிசையாகக் கட்டிக்கொண்டு படுத்தேன். சூரிச்சில் கணினி வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் கும்பிட வந்திருந்தார். குனிந்து பார்த்து, “அண்ணே, இது எல்லாம் சுகருக்கு மாட்டியிருக்கறதா?” என்று கவலையோடு கேட்டார். உருளத் தொடங்கினேன். சாம்பல் நிறக் காலுறையோடு ஹெர் கூப்ளர் பக்கத்திலேயே நடந்து வந்தார். நாலு புரளலுக்கு ஒருமுறை நேரம் எழுதினார். முதற் சுற்றுப் பாதியில் ஐயர் வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

“செல்வரட்ணம் நேர்த்திக்கு உருளுறார். வெள்ளைக்காரருக்கு என்ன நேர்த்தி?” என்று ஜெயந்தியிடம் கேட்டார்.

“அவரின்ரை நேர்த்தி அளக்கிறது, ஐயா,” என்றாள்.

ஐயருக்கு அது போதுமானதாக இருந்தது. செம்பிலிருந்து எனக்குத் தீர்த்தம் தெளித்தார், அவருக்கும் தெளித்தார். ஹெர் கூப்ளர் உடனே குனிந்து மூன்று கருவிகளின் திரையையும் பார்த்துவிட்டு, ‘நீர்: தாங்கியது’ என்று எழுதினார்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. ஏ முதற் சுற்றிலேயே அணைந்துவிட்டிருந்தது, என் உடம்பு எத்தனையோ தரம் அதன் திரையைத் தொட்டிருக்கும். சி சொன்னபடி பார்த்தால், இரண்டாம் சுற்றில் நான் கோயிலைவிட்டு உருண்டு போய் சீல் ஆற்றுக்குள் இறங்கி, ஆற்றின் நடுவில் கொஞ்ச நேரம் தங்கி, நனையாமல் திரும்பி வந்திருக்கிறேன். பி மூன்று வட்டத்தையும் பழைய மூன்றின் மேலேயே போட்டிருந்தது. பல் வைத்தியர் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, சைக்கிளுக்கு சி நல்லது என்றார். கையை மட்டும் பி-க்கு உயர்த்தினார்.

என் வேலையைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து ஹெர் கூப்ளர் இடைவேளையில் அப்பிளை வெட்டியபடி ஒரு கடித உறையை என் பக்கம் தள்ளினார். நிரந்தர நியமனம். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘தனக்குப் பாதகமான அளவையும் சேர்த்துச் சொல்கிறார்.’ அதை மூன்று தரம் வாசித்தேன். அவர் அப்பிளில் ஒரு துண்டை நீட்டினார். எட்டில் ஒன்று. அவர் யாருக்கும் அப்பிள் கொடுத்து ரோலண்ட் கண்டதில்லையாம்.

பெர்மிட் வர இன்னும் ஒன்றரை வருடம் எடுத்தது. பாசல் எல்லையை ரயில் தாண்டியபோது ஜெயந்தி என் கையைப் பிடித்திருந்தாள். எல்லை எங்கே வந்தது என்றே தெரியவில்லை, ஒரு பலகைகூட இல்லை. பாரிஸ் நிலையத்தில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து நானும் அழுதேன். என் முதுகுச் சிராய்ப்பு எல்லாவற்றுக்கும் ஈடாக அந்த ஒரு நிமிடம் காணும்.

பி எட்டு வருடம் உழைத்தது. அதன்பிறகு வந்த ஒவ்வொரு கருவியும் முதலில் அட்லிஸ்வில்லுக்குப் போயாக வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க அந்த மூன்று வட்டம்தான் எங்களிடம் இருந்த நம்பகமான அளவு. அப்படியே அது படிவத்தில் ஏழாவது சோதனையாக ஏறியது. சம்பளத்தோடு கோயிலைச் சுற்றிய அரச ஊழியன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தான் ஓய்வு பெறும்வரை ஹெர் கூப்ளரும் கூடவே வந்தார். கோயிலில் சாப்பிடத் தந்த மோதகத்தில் மட்டும் அவர் எதையும் அளக்கவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தெஸ்பாய், சப்பாத்துக் கழற்றுவது தனக்குப் பழக்கம்தான், தங்கள் தேவாலயத்திலும் கழற்றிவிட்டுத்தான் போவார்கள் என்றார்.

“நடந்து சுற்றினால் போதுமா, ஹெர் செல்வரட்ணம்?”

“கருவிக்கு நடந்தால் போதும்,” என்றேன். “உருண்டது வேலைக்கு.”

அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டேன். வருகிற மாரிக்குள், பனி தொடங்குமுன் என்றார். என்ன பெர்மிட் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், எஃப். தம்பி இருப்பது இத்தாலியில், மிலானோவில் என்றார். ஒன்பது வருடமாக நேரில் பார்க்கவில்லையாம்.

“அந்த இணைப்பு மூன்று உங்களிடம் இருக்கிறதா?” என்று மெல்லக் கேட்டார். “எனக்கு ஒரு பிரதி அனுப்ப முடியுமா?”

இருந்தது. ஓய்வு பெற்ற அன்று, நான் உருண்டதை ஹெர் கூப்ளர் பென்சிலால் எழுதிய அந்தத் தாளைக் கோப்பிலிருந்து உருவியவன் நான்தான். அன்றிலிருந்து அது எங்கள் சாமித்தட்டில், திருநீற்றுக் கிண்ணத்துக்குக் கீழே இருக்கிறது. எடுக்கப் போனேன். ஜெயந்தி குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அவருக்குச் சொல்லுங்கோ,” என்றாள். “ஒன்பது வருஷமெண்டால் மூண்டு வேண்டாம், ரெண்டு சுற்றுக் காணும்.”